கணினிக் கூட்டங்களில் வேலைப் பங்கீடு

வட்டார வளர்ச்சி அதிகாரி, சின்னசேலம் ஊராட்சி ஒன்றியம்

கிராம மக்களுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் இடையே இந்நாளில் ஒரு புதிய வாயில் அமைந்துள்ளது. வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, முதியோர் உதவித்தொகை முதலிய பல காரியங்களுக்கும் கணினி வழியாகவே விண்ணப்பம் செய்ய வேண்டியிருக்கிறது. நியாய விலைக் கடையில் அரிசி பெறுவதற்கும் கைவிரலைக் கருவியின்மீது வைக்கிறோம். இவ்வாயில் திறந்திருக்கும் நாட்களில் மக்களுக்குப் பெரும் சௌகரியம் உண்டாகிறது. முன்பு மும்முறை தாலுகா அலுவலகத்துக்கு நடந்தவர் இப்போது உள்ளூரிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்.

ஆனால் இவ்வாயில் அடைபட்டுப்போகும் நாட்களும் உண்டு. அந்நாட்களில், "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்னும் ஒரே விடைதான் கிடைக்கும். கல்வராயன் மலையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வெள்ளிமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ வந்த ஒருவர் இவ்விடையைக் கேட்டுத் திரும்பினால், ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் அவருக்கு நஷ்டம். அவருடைய பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்கு மறுநாளே கடைசி நாள் என்றால், அந்த நஷ்டம் ஒரு நாளோடு நிற்பதில்லை.

ஆகவே, சர்வர் என்பது யாது, அது பல்லாயிரம் பேரின் வேலையை எவ்வாறு பங்கிட்டுச் செய்கிறது, எக்காரணத்தால் தடைப்படுகிறது என்பனவற்றைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் அவசியம். காரணத்தை அறிந்தவர்கள் தங்களால் நீக்கக்கூடிய பகுதியைத் தாங்களே நீக்கிக்கொள்ளலாம். மற்றப் பகுதிக்கு உரிய இடத்தில் முறையிடலாம்.

சர்வர் என்பது ஒரே கணினியன்று

சர்வர் என்றால் சென்னையில் எங்கோ இருக்கும் ஒரு பெரிய கணினி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நமது மாநிலத்தின் அரசுச் சேவைகளுக்காகச் சென்னைப் பெருங்குடியில் மாநிலத் தரவு மையம் இயங்கி வருவது உண்மையே. எதிர்பாராத ஆபத்து நேர்ந்தால் வேலை நின்றுவிடாதிருக்கத் திருச்சிராப்பள்ளியில் பேரிடர் மீட்பு மையமும் அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் இத்தகைய மையங்களில் உள்ளது ஒரே கணினியன்று. வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட பல கணினிகள் ஒன்றுசேர்ந்து, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றேபோல் தோன்றும்படி வேலை செய்கின்றன. இதையே கணினிக் கூட்டம் என்கிறோம். கூட்டத்திலுள்ள ஒவ்வொன்றையும் உறுப்புக் கணினி எனலாம்.

ஒரே பெரிய கணினியை வாங்கி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாமைக்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, கணினி எவ்வளவு பெரிதாயினும் அதன் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டாவது, அந்த ஒன்று பழுதடைந்தால் எல்லா வேலையும் நின்றுவிடும். ஒற்றை எருதை நம்பி உழுபவனுடைய நிலையே அது. பல கணினிகள் இருப்பின், ஒன்று படுத்தாலும் மற்றவை இழுத்துச் செல்லும். ஆனால் பலர் சேர்ந்து செய்யும் வேலைக்குப் பங்கீடு வேண்டும். பங்கீடு தவறினால் பத்துக் கணினிகள் இருந்தும் ஒன்று மூச்சு முட்ட, ஒன்பது சும்மா நிற்கும்.

விற்பனைக்கூடத்தின் வாயிலில்

நமது பகுதி விவசாயிகள் நன்கறிந்த ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். மக்காச்சோள அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை வண்டிகள் வந்து சேருகின்றன. உள்ளே பத்துத் தராசுகள் இருப்பதாகக் கொள்வோம். வாயிலில் ஒரு மேற்பார்வையாளர் நின்று, "நீ மூன்றாம் தராசுக்குப் போ, நீ ஏழாம் தராசுக்குப் போ" என்று ஒவ்வொரு வண்டியையும் அனுப்புகிறார். எடை போட்டபின் விவரம் அனைத்தும் ஒரே பேரேட்டில் பதியப்படுகிறது.

கணினிக் கூட்டத்தின் அமைப்பும் ஏறத்தாழ இவ்வாறே. இசேவை மையத்திலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ செல்லும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வண்டி. உறுப்புக் கணினிகள் தராசுகள். வாயில் மேற்பார்வையாளரைப்போல் நிற்பது பளு பகிரும் கருவி. 'லோட் பேலன்ஸர்' என்று பொறியாளர்கள் கூறுவது இதனையே. பேரேடு என்பது நமது நிலம், குடும்பம், சான்று ஆகியவற்றின் விவரங்கள் யாவும் அடங்கிய தரவுத்தளம். இந்நான்கையும் மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

வாயில் மேற்பார்வையாளர் ஒருவரே என்றால் அவர் நோயுற்ற நாளில் என்ன செய்வது? அதனால் அவ்விடத்தில் இருவரை நிறுத்துவது வழக்கம். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் அவர் நலத்தை ஒவ்வொரு கணமும் கவனித்திருப்பார். முதல்வரிடமிருந்து பதில் வராதுபோனால், அதே பெயரையும் அதே முகவரியையும் மேற்கொண்டு இரண்டாமவர் வேலையைத் தொடர்வார். வெளியிலிருப்பவர்களுக்கு ஆள் மாறியது தெரியாது.

பங்கிடும் முறைகள்

மேற்பார்வையாளர் எந்த விதிப்படி வண்டிகளை அனுப்புகிறார்? இதற்குச் சில முறைகள் வழக்கத்தில் உள்ளன.

முதலாவது, சுழல் முறை. முதல் வண்டி முதல் தராசுக்கு, இரண்டாவது இரண்டாம் தராசுக்கு, பதினொன்றாவது மறுபடியும் முதல் தராசுக்கு என்று வரிசையாக அனுப்புவதே இது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ என்னும் கணினி ஆய்வு மையத்தின் இணையத்தளத்துக்கு வருவோர் தொகை பெருகியபோது, 1994ஆம் ஆண்டளவில் அங்கு இம்முறையையே கைக்கொண்டனர். ஒரே பெயருக்குப் பின்னால் பல கணினிகளை வைத்து, கேட்பவர்களுக்கு ஒவ்வொன்றின் முகவரியையும் முறை வைத்து வழங்கினர். எளிய முறை. ஆனால் ஒரு வண்டியில் ஐந்து மூட்டையும் மற்றொன்றில் ஐம்பது மூட்டையும் இருக்கலாம் என்பதை இம்முறை கவனிப்பதில்லை.

இரண்டாவது, திறனுக்கேற்ற முறை. பெரிய தராசுக்கு மூன்று வண்டி, சிறிய தராசுக்கு ஒரு வண்டி என்று வீதம் வைத்து அனுப்புவது. ஏரிப் பாசனத்தில் ஆயக்கட்டின் அளவுக்கேற்ப வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விடும் முறையை இது ஒத்தது.

மூன்றாவது, வரிசை குறைந்த இடத்துக்கு அனுப்பும் முறை. மேற்பார்வையாளர் எல்லாத் தராசுகளையும் பார்த்து, எங்கே காத்திருக்கும் வண்டிகள் குறைவோ அங்கே அடுத்த வண்டியை அனுப்புகிறார். வண்டிகளின் பளு ஒன்றுபோல் இல்லாதபோது இம்முறை நற்பயன் தரும்.

இரண்டைப் பார்த்து ஒன்றைத் தேர்தல்

மூன்றாம் முறையே சிறந்தது போலத் தோன்றினாலும் அதில் ஓர் இடர் உண்டு. பெரிய கூட்டங்களில் வாயில் ஒன்றல்ல; பல. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு மேற்பார்வையாளர் நிற்கிறார். நான்காம் தராசு காலியாக இருக்கிறது என்ற செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எட்டினால், எல்லோரும் தத்தம் வண்டிகளை அங்கேயே திருப்பிவிடுவார்கள். சிறிது நேரத்தில் நான்காம் தராசில் கூட்டம் நெரியும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட பரிகாரம் வியக்கத்தக்கது. மேற்பார்வையாளர் எல்லாத் தராசுகளையும் பார்க்க வேண்டா. ஏதேனும் இரண்டைக் குறிப்பின்றித் தேர்ந்து, அவ்விரண்டில் எதில் வரிசை குறைவோ அதற்கு அனுப்பினால் போதும். 1994இல் ஆசார், பிராடர், கார்லின், உப்பால் என்னும் நால்வர் இதைக் கணிதவழி நிறுவினர். 1996இல் மிட்சன்மாக்கர் என்பவர் தம் ஆராய்ச்சியில் இதனை மேலும் விரித்தார். பத்து லட்சம் மூட்டைகளைப் பத்து லட்சம் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், மிகவும் நெரிசலான இடத்தில் பெரும்பாலும் எட்டு ஒன்பது மூட்டைகள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டிடங்களைப் பார்த்துக் குறைந்த இடத்தில் போட்டால், மிக நெரிசலான இடத்திலும் நான்கு மூட்டைக்கு மேல் சேர்வது அரிது. சிறிதளவு விசாரணையே பெரும் நன்மை தருகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னாருக்கு இன்ன இடம்

சில வேலைகளில் அதே நபரை அதே கணினிக்கே அனுப்புவது நல்லது. அவருடைய விவரங்கள் அதன் நினைவில் ஏற்கெனவே இருக்குமாதலால் பேரேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டுவதில்லை. பத்து எழுத்தர்கள் இருக்குமிடத்தில், சர்வே எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்ன எழுத்தரிடம் போ என்று அனுப்புவதாகக் கொள்வோம். நல்ல ஏற்பாடே. ஆனால் ஓர் எழுத்தர் விடுமுறையில் சென்றால் என்ன ஆகும்? எண்ணைப் பத்துக்குப் பதில் ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டியதாகும். அப்போது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாங்கள் வழக்கமாகச் செல்லும் எழுத்தரை விட்டுப் புதியவரிடம் போக நேரிடும். ஒருவர் வராமையால் அலுவலகம் முழுவதும் குழப்பம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் கார்கர் என்பவரும் அவருடைய தோழர்களும் 1997இல் இதற்கு ஒரு வழி கண்டனர். எழுத்தர்களை ஒரு வட்டத்தில் பல இடங்களில் அமர்த்தியதாகவும், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அவ்வட்டத்தில் ஓர் இடம் உண்டென்றும் பாவித்துக்கொள்க. வருபவர் தம் எண்ணுக்குரிய இடத்திலிருந்து வலமாக நடந்து, முதலில் எதிர்ப்படும் எழுத்தரிடம் செல்ல வேண்டும். ஓர் எழுத்தர் இல்லாதுபோனால் அவரிடம் வந்தவர்கள் மட்டும் அடுத்தவரிடம் செல்வார்கள். ஏனையோர் நிலை மாறாது. பத்தில் ஒரு பங்கினரே இடம் மாற நேரும். உலகின் பெரிய கணினிக் கூட்டங்கள் பலவற்றில் இம்முறையோ இதன் வழிவந்த முறைகளோ இன்று பயன்படுகின்றன.

நலம் விசாரித்தல்

பங்கீட்டுக்கு முதல் தேவை, யார் வேலை செய்யும் நிலையில் உள்ளார் என்பதை அறிதல். பளு பகிரும் கருவி சில வினாடிகளுக்கு ஒரு முறை ஒவ்வோர் உறுப்புக் கணினியையும் அழைத்து, "நலமா?" என்று விசாரிக்கிறது. தொடர்ந்து சில முறை விடை வராவிடின் அக்கணினியைப் பட்டியலினின்று நீக்கிவிடுகிறது. பழுது நீங்கி மறுபடி விடை வந்தபின் சேர்த்துக்கொள்கிறது.

இவ்விசாரணை மேலெழுந்தவாரியாக இருத்தல் கூடாது. ஒரு தராசு கோளாறுற்று, வந்த மூட்டையை எடை போடாமலே உடனுக்குடன் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். அதன்முன் வரிசையே நில்லாது. வரிசை குறைந்த இடத்துக்கு அனுப்பும் மேற்பார்வையாளரோ, அதுவே வேகமான தராசு என்று எண்ணி எல்லா வண்டிகளையும் அதற்கே அனுப்புவார். ஒன்பது நல்ல தராசுகள் சும்மா நிற்க, மக்கள் அனைவரும் வெறுங்கையுடன் திரும்புவர். கணினிக் கூட்டங்களிலும் இவ்விபத்து நேர்வதுண்டு. ஆகவே, "உயிருடன் இருக்கிறாயா?" என்று மட்டும் கேளாமல், "ஒரு மூட்டையை எடை போட்டுக் காட்டு" என்று சோதிப்பதே சரியான விசாரணை.

நெரிசலின் கணக்கு

கருவிகள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலையில் ஈடுபட்டிருந்தால் நல்ல சிக்கனம் என்று நமக்குத் தோன்றும். காத்திருப்போரின் கணக்கு வேறு விதமானது. டென்மார்க் தேசத்தில் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைப் பற்றி 1909இல் எழுதிய கட்டுரையால் இத்துறைக்கு அடிகோலினார். அவர் வழிவந்த கணக்கு ஒன்றைக் காண்போம்.

ஒரு தராசில் ஒரு வண்டிக்குச் சராசரி ஒரு நிமிடம் ஆகிறது. வண்டிகள் முன்னறிவிப்பின்றி வருகின்றன. வேலையும் ஒரு நேரம் கூடுதல், ஒரு நேரம் குறைவு. அத்தராசு பாதி நேரம் வேலையில் இருந்தால், ஒருவர் வந்து வேலை முடித்துப் போகச் சராசரி 2 நிமிடம் ஆகும். நூற்றுக்கு 80 பங்கு வேலையில் இருந்தால் 5 நிமிடம். 90 பங்கானால் 10 நிமிடம். 95 பங்கானால் 20 நிமிடம். பளு சற்றே கூடக் காத்திருப்பு பல மடங்காவதைக் காண்க. காலை 10 மணிக்குச் சுறுசுறுப்பாக ஓடிய சேவை 11 மணிக்கு நின்றுவிட்டாற்போல் தோன்றுவதன் இரகசியம் இதுவே. வருவோர் இரட்டிப்பாக வேண்டுவதில்லை. பத்தில் ஒரு பங்கு கூடினாலே போதும்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. தராசுகளை எத்தனை கூட்டினாலும், பேரேடு எழுதுபவர் ஒருவரேயானால் நெரிசல் அவரிடம் போய் நிற்கும். கணினிக் கூட்டத்திலும் உறுப்புக் கணினிகளைக் கூட்டுவது எளிது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் முயலும் தரவுத்தளத்தைப் பங்கிடுவதே கடினம்.

மேலேரி உடைந்தால்

நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் சங்கிலித் தொடர்போல் அமைந்தவை. மேலேரி நிரம்பி அதன் மிகுநீர் கீழேரிக்குச் செல்லும். மிகுநீர் கழியக் கலங்கல் இல்லையேல் மேலேரியின் கரை உடையும். அவ்வெள்ளம் முழுவதும் கீழேரியில் பாய்ந்து அதன் கரையையும் உடைக்கும். கணினிக் கூட்டத்தில் ஓர் உறுப்பு பளு தாங்காது விழுந்தால், அதன் பங்கு மற்றவற்றின்மீது ஏறும். அவையும் ஏற்கெனவே நிறைந்திருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக விழும். ஆதலால் நல்ல கூட்டங்களில் கலங்கல் போன்ற ஓர் ஏற்பாடு வைக்கப்படுகிறது. அளவுக்கு மேல் வருவோரை வாயிலிலேயே, "சற்றுப் பொறுத்து வாருங்கள்" என்று திருப்பி, உள்ளே நிற்பவர்களின் வேலையைக் காப்பாற்றுகிறார்கள். அவ்விடை நமக்குச் சலிப்பூட்டினும் கரை உடையாதிருக்கச் செய்யும் தந்திரமே அது.

கரையை உடைப்பது பெரும்பாலும் புதிய வண்டிகள் அல்ல. திரும்பத் திரும்ப வரும் அதே வண்டிகள். 2021 ஏப்ரல் 28ஆம் தேதி மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோர் கொரோனாத் தடுப்பூசிக்குப் பதிவு செய்துகொள்ளக் கோவின் தளம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்தன. முதல் மூன்று மணி நேரத்தில் வந்த கோரிக்கைகள் 38 கோடிக்கு மேல். பதிவு பெற்றோர் ஏறத்தாழ 80 லட்சம் பேர். ஒரு பதிவுக்கே சில கோரிக்கைகள் தேவைதாம். ஆயினும் ஒரு பதிவுக்கு 48 வீதம் வந்ததிலிருந்து, மக்கள் எத்தனை முறை பொத்தானை அழுத்தியிருப்பர் என்பதை ஊகிக்கலாம். முதற் சில நிமிடங்களில் பலருக்குத் தளம் திறக்கவில்லை, பின்னர் சீரடைந்தது.

மனிதர் மட்டுமன்றிக் கணினிகளும் இப்பிழையைச் செய்வதுண்டு. 2025 ஏப்ரல் 12ஆம் தேதி, கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யுபிஐ ஏற்பாடு நாடெங்கும் சில மணி நேரம் தடைப்பட்டது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கிகளின் கணினிகள் ஓயாது விசாரித்துக்கொண்டிருந்ததே பளுவுக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. அதன்பின், ஒரு பரிவர்த்தனையின் நிலையை 90 வினாடி கழித்தே முதலில் விசாரிக்கலாம், இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் விசாரித்தல் கூடாது என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் வங்கிகளுக்கு வரையறை செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல், ஒருவர் ஒரு செயலியில் ஒரு நாளில் 50 தடவைக்கு மேல் இருப்புத் தொகையைப் பார்க்க இயலாது என்றும் விதித்தது. வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு முறை மூட்டையை இறக்கிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும்; ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி வரிசையில் சேர்ந்தால் அவருக்கும் தாமதம், பின்னால் நிற்பவருக்கும் தாமதம்.

நேரத்தையும் பங்கிடலாம்

வேலையைக் கணினிகளிடையே பங்கிடுவது ஒரு வழி. நேரத்தினிடையே பங்கிடுவது மற்றொரு வழி. சேலம்-விருத்தாசலம் இருப்புப்பாதையில் அமைந்த நமது சின்னசேலத்தில் ரயில் பிரயாணத்தை அறியாதார் இலர். தட்கல் முன்பதிவுக்கு முற்காலத்தில் எல்லா வகுப்பினரும் காலை 10 மணிக்கே மொய்த்தனர். 2015 ஜூன் 15 முதல், குளிர்சாதன வகுப்புகளுக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று ரயில்வே பிரித்து வைத்தது. ஒரே அலையாக எழுந்தது இரண்டு அலைகளாயிற்று.

பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், நமது மாநிலத்தில் ஒரே முகவரியோடு நில்லாது டிஜிஇ 1, டிஜிஇ 2 என்று எண்ணிட்ட தனி முகவரிகளும் அறிவிக்கப்பட்டு வந்துள்ளன. மாணவர்களின் கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக முடிவை அனுப்பும் வழக்கமும் வந்தது. இலட்சக்கணக்கானோர் வாயிலுக்கு வந்து கேட்பதைவிட, விடையை வீட்டுக்கே அனுப்புவது எளிதன்றோ?

குறை எங்கே என்று கண்டறிதல்

"சர்வர் வேலை செய்யவில்லை" என்னும் சொல்லின் கீழ் நான்கு வெவ்வேறு குறைகள் மறைந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிதல் பஞ்சாயத்தின் முதல் வேலை.

(1) பாதையில் குறை. பாரத்நெட் திட்டத்தின்கீழ் நமது மாநிலத்தில் 12,525 கிராமப் பஞ்சாயத்துக்களுக்குக் கண்ணாடி இழை வடம் கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்டு, அதற்கென டான்பிநெட் என்னும் அரசு நிறுவனம் 2018இல் ஏற்படுத்தப்பட்டது. வடம் அறுந்தாலும், மின்சாரம் நின்று மின்கலம் தீர்ந்தாலும் எந்தத் தளமும் திறவாது. ஒரே நேரத்தில் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். எதுவுமே திறக்கவில்லையெனில் குறை நமது பாதையில், சென்னையிலன்று. கைப்பேசியின் அலைவரிசையும் எட்டாத மலைக் கிராமங்களில் இக்குறையே அதிகம்.

(2) நெரிசல். மற்றத் தளங்கள் திறக்கின்றன. இச்சேவை மட்டும் காலை 11 மணிக்கு நிற்கிறது, மாலையில் ஓடுகிறது எனில், அது பளுவின் விளைவு.

(3) பேரேட்டில் குறை. தளம் திறக்கிறது, பெயர் பதிகிறது, ஆனால் ஒரு குறிப்பிட்ட பட்டா அல்லது ஓர் அட்டையின் விவரம் மட்டும் வரவில்லை எனில், அந்தப் பதிவிலோ தரவுத்தளத்திலோ தவறு இருக்கலாம். காத்திருந்து பயனில்லை, உரிய துறைக்கு எழுத வேண்டும்.

(4) மேசையில் தாமதம். விண்ணப்பம் சென்று சேர்ந்து எண்ணும் கிடைத்துவிட்டது, சான்று வரவில்லை. இதற்குச் சர்வர் பொறுப்பன்று. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஆகியோருள் யாரிடம் உள்ளது என்பதை விண்ணப்ப எண்ணைக் கொண்டு அறியலாம்.

பஞ்சாயத்துக்கள் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். சேவை தடைப்பட்ட தேதி, நேரம், எந்தச் சேவை, திரையில் தோன்றிய வாசகம், மற்றத் தளங்கள் திறந்தனவா என்னும் ஐந்தையும் அதில் எழுதுக. ஒரு மாதக் குறிப்பு ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தால், வடத்தைப் பழுதுபார்க்கச் சொல்வதா, சேவையை நடத்தும் துறைக்கு எழுதுவதா என்பது தெளிவாகும். "அடிக்கடி நிற்கிறது" என்ற முறையீட்டைவிட, "இம்மாதம் ஆறு நாட்கள், 11 மணி முதல் 1 மணி வரை" என்ற முறையீட்டுக்கு வலிமை அதிகம்.

இரண்டாவதாக, கடைசி நாள் நெரிசலைத் தவிர்க்க வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஜனவரி 26ஆம் தேதி கிராம சபையிலேயே தயாரித்துக்கொள்ளலாம். சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் ஆண்டுதோறும் புதிதாகப் பெற வேண்டியவை அல்ல. அவற்றைத் தேர்வுக்கு முன்பே வாங்கி வைத்துவிட்டால், மே, ஜூன் மாதங்களில் மாநிலமெங்கும் நெரிசல் மிகும்போது நம் கிராமத்துக்கு அதில் பங்கு இராது. பயிர்க் காப்பீட்டுக்கும் இது பொருந்தும். விதைப்பு முடிந்து அடங்கல் கிடைத்த வாரத்திலேயே பதிவு செய்துவிடுக.

மூன்றாவதாக, நாளையும் வேளையையும் பிரித்தல். வார்டு வாரியாக நாள் குறித்து, இசேவை மையத்தாருடன் பேசி, டோக்கன் வழங்கலாம். காலை வேளையின் முதல் மணியையும் மாலை நேரத்தையும் பயன்படுத்துவோர் பெருகினால், 11 மணி நெரிசல் தானே தணியும்.

நான்காவதாக, பொத்தானை ஒரு முறை அழுத்திப் பொறுத்திருக்கும் பழக்கத்தை இளைஞர்களுக்கும் மைய ஊழியர்களுக்கும் எடுத்துச் சொல்லுக. பணம் கட்டிய விண்ணப்பத்தை மறுபடி அனுப்புமுன், முதல் விண்ணப்பம் பதிவாகியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இன்றேல் இரட்டைக் கட்டணமும் இரட்டை விண்ணப்பமும் சேரும். "சர்வர் தாமதம், நான் விரைவில் முடித்துத் தருகிறேன்" என்று கூறி, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாய் இருத்தல் மிக அவசியம். கூட்டத்தின் வரிசையை வெளியிலிருந்து மாற்ற எவராலும் இயலாது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதுவே தலையாயது. பளு பகிரும் கருவிக்கு எல்லாக் கோரிக்கையும் ஒன்றே. பேருந்து நிலையத்துக்கு அருகில் வசிப்பவரின் விண்ணப்பத்தையும், மலையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்தவரின் விண்ணப்பத்தையும் அது வேறுபடுத்தி அறியாது. வேலை தடைப்பட்டால் முன்னவருக்கு நஷ்டம் அரை மணி. பின்னவருக்கு ஒரு முழு நாள். இவ்வேறுபாட்டை அறிந்து பங்கிடுவது நம் கையில் இருக்கிறது. தொலைவிலிருந்து வந்தவர், முதியோர், கைக்குழந்தையுடன் வந்த தாய்மார் ஆகியோரின் விண்ணப்பங்களை நெரிசலற்ற வேளையில் முதலில் ஏற்றும்படி மையங்களுடன் ஏற்பாடு செய்துகொள்ளப் பஞ்சாயத்துத் தலைவர்களால் இயலும். உள்ளூரில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்தால், மலைக் கிராமத்தவர் மறுமுறை இறங்கி வர வேண்டியிராது.

இவ்வேற்பாடுகளுக்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு பட்டியலும், கிராம சபையில் அரை மணி நேரப் பேச்சும் போதும். அடுத்த கிராம சபையின் பொருள் நிரலில் இதனைச் சேர்க்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வேண்டிய விளக்கங்கள் அளிக்கப்படும்.